மின்னாற்றல் அளவி

வீட்டு முகப்பில் மின்வாரியம் பொருத்தும் கருவிக்குப் பேச்சில் ‘கரண்ட் மீட்டர்’ என்று பெயர். மீட்டர், அளவு என்று பொருள்படும் ‘மெட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நீளத்தின் அலகான மீட்டருக்கும் அதுவே மூலம்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. இலங்கையில் மின்மானி. அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்த மானம், வெப்பமானி, காற்றழுத்தமானி என்று பாடநூல்களில் ஊன்றிவிட்டது. மற்றொன்று மின்னளவி. அள, அளவு, அளவி என்று நம் வினையிலிருந்தே விரிகிறது. கடத்து கடத்தியானதும் இந்த இகர ஈற்றால்தான். ‘அளவிற்கும் நிறையிற்கும்’ என்று தொல்காப்பிய நூற்பா ஒன்றே தொடங்கும் சொல் அது. நான் அளவியின் பக்கம்.

ஆனால் எதை அளக்கும் அளவி? கரண்ட் என்றால் மின்னோட்டம். அதை அளப்பது அம்மீட்டர். வீட்டிலுள்ள கருவி அளப்பது மின்னாற்றலை. ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு கிலோவாட் மணி. நாம் பணம் கட்டும் ‘யூனிட்’ அதுதான். ஆகவே முழுப்பெயர் மின்னாற்றல் அளவி.

இந்தப் பெயர் புரிந்தால் வயரிங்கும் புரியும். ஆற்றலைக் கணக்கிட மின்னோட்டம், மின்னழுத்தம், காலம் மூன்றும் வேண்டும். ஓட்டத்தை அறிய, மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி கருவிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அழுத்தத்தை அறிய, பேஸுக்கும் ஓட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலுக்கும் குறுக்கே இணைப்பு வேண்டும். அதனால்தான் ஒருமுனை (சிங்கிள் பேஸ்) இணைப்பின் அளவியில் கம்பி மாட்ட நான்கு முனைகள் (டெர்மினல்கள்): பேஸ் உள்ளே, வெளியே, நியூட்ரல் உள்ளே, வெளியே. அவற்றின் வரிசை எல்லாக் கருவிகளிலும் ஒன்றல்ல. முனை மூடியின் உட்புறப் படமே வழிகாட்டி. ஹங்கேரியின் ஓட்டோ பிளாதி 1889-இல் காப்புரிமை பெற்ற தூண்டல் வகையில், தடித்த கம்பிச் சுருளும் மெல்லிய கம்பிச் சுருளும் சேர்ந்து ஓர் அலுமினியத் தட்டைச் சுழற்றின. இன்றைய மின்னணு அளவியில் தட்டு இல்லை. சிவப்பு விளக்கு துடிக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும்.

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் அளவிக்குள் சென்று, அங்கிருந்து மெயின் சுவிட்சுக்குப் போகும். எர்த் கம்பி அளவிக்குள் நுழைவதே இல்லை. அடுக்குமாடி வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம் நியூட்ரல். இரண்டு அளவிகளின் வெளிச்செல்லும் நியூட்ரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால், பேஸில் போன ஓட்டம் அதே அளவியின் நியூட்ரலில் திரும்பாது. இரண்டையும் ஒப்பிடும் மின்னணு அளவிகளில் ‘எர்த்’ விளக்கு எரியும். இரண்டில் கூடுதலான ஓட்டத்தைக் கொண்டே கணக்கிடும் வகை அளவி என்றால் பில்லும் பிசகலாம். முனை மூடியின் ‘சீல்’ முத்திரையைத் தொடும் உரிமை வாரியத்துக்கு மட்டுமே. மெயின் சுவிட்சுக்கு அப்பால் நியூட்ரல்களைப் பிரித்துத் தர உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும்.

இனி, அளவைத் தானே வாரியத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர். ஸ்மார்ட்போன் திறன்பேசி ஆனதைப் பார்த்து இதைத் ‘திறன் அளவி’ என்று எழுதிவிடக் கூடாது. இயற்பியலில் திறன் என்றால் வாட்டில் சொல்வது. திறன் அளவி என்பது வாட்மீட்டர், வேறொரு கருவி. கணினித் துறையில் ஏற்கெனவே பழகியிருக்கும் சூட்டிகை என்ற சொல்லைக் கொண்டு ‘சூட்டிகை மின்னளவி’ என்று எழுதலாம்.