எட்டு மணி குறைந்த ஜெபமாலை

திபெத்தியர்கள் உருட்டும் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். 1865-ல் நேபாளம் வழியாகத் திபெத்தின் தலைநகர் லாசாவுக்குக் கிளம்பிய நயின் சிங் ராவத்தின் மாலையில் இருந்தது 100 தான். எட்டு குறைவதை வழியில் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

நயின் சிங், இன்றைய உத்தராகண்டின் குமாவோன் மலையில் மிலம் என்ற ஊர்க்காரர். பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் திபெத்துக்குள் நுழைய முடியாது. இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளந்த பிரிட்டிஷாரின் வரைபடம் இமயமலைக்கு அப்பால் வெறுமையாகக் கிடந்தது. நில அளவைத் துறையிலிருந்த தாமஸ் மான்ட்கோமரி, எல்லை தாண்டி வியாபாரம் செய்து பழகிய மலைவாசிகளையே அனுப்பலாம் என்று முடிவெடுத்தார். நேராகச் சொன்னால் உளவு வேலை. மாட்டினால் உயிர் மிஞ்சுவது சந்தேகம். அளவுச் சங்கிலியை எடுத்து நடுரோட்டில் விரிக்க முடியாது. அதனால் ஆளையே அளவுகோலாக்கினார்கள்.

டேராடூனில் நடந்த பயிற்சியில், ஏற்றமோ இறக்கமோ, ஒரே அளவில் காலடி வைக்கப் பழகினார். மைலுக்கு 2,000 காலடி. அப்படியென்றால் ஒவ்வொன்றும் முப்பத்தொன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். 100 காலடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடி, ஐந்து மைல். குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள், மந்திரச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில். யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால் சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவார். ஜெபம் பண்ணுகிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்!

தூரம் தெரிந்தால் போதுமா? இருக்கும் இடம் பூமியில் எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பெட்டியின் ரகசிய அடித்தட்டில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவி. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுதான் அந்த இடத்தின் அட்சரேகை. (அன்றைக்கு அந்த நட்சத்திரம் வானத் துருவத்திலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகியிருந்தது, கணக்கில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.) கடலில் தொடுவானம் நேர்கோடாகத் தெரியும். சுற்றிலும் மலை நிற்கும் இடத்தில் அதற்கு எங்கே போவது?

விடை சோழிக்குள் இருந்தது. அதில் அடைத்துக் கொண்டுபோன பாதரசத்தை இரவில் மரக்கிண்ணத்தில் ஊற்றுவார். அலையடங்கினால் பாதரசம் துல்லியமாக மட்டமாக நிற்கும், கண்ணாடியாகவும் ஆகும். நட்சத்திரம் மேலே எவ்வளவு உயரமோ, அதன் பிம்பம் கீழே அவ்வளவு ஆழத்தில் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் உயரம் கிடைத்துவிடும். 60 பாகை வந்தால் உயரம் 30. தொடுவானமே வேண்டாம்.

கடல் மட்டத்திலிருந்து உயரத்தை வெந்நீரே சொன்னது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் குறைந்த வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கும். லாசாவில் 88 டிகிரிக்கே கொதித்துவிடும். கைத்தடிக்குள் வெப்பமானி இருந்தது. தண்ணீர் சுட வைப்பவரை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, ஒரு கணக்கு இன்னொன்றைச் சரிபார்ப்பதுதான். ஒரு பாகை அட்சரேகை என்பது சுமார் 69 மைல், அவர் கணக்கில் 1,38,000 காலடி. வடக்கு தெற்காக நடந்த தூரத்தில் பிசகு இருந்தால் நட்சத்திரம் காட்டிக்கொடுத்துவிடும். கிழக்கு மேற்காகப் போனால் அந்த வசதி இல்லை. தீர்க்கரேகை பார்க்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அவர் பின்தொடர்ந்த சாங்போ ஆறோ (நம் பிரம்மபுத்திராவுக்குத் திபெத்தில் அதுதான் பெயர்) பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அங்கே திசைகாட்டியும் கால்களும்தான் கதி.

1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் டேராடூன் திரும்பியபோது எண்ணி நடந்தது சுமார் 1,200 மைல். காலடியில் 24 லட்சம், தள்ளிய மாலை மணிகளில் 24,000.