எத்தனாவது ஜுஸ்உன்னு கேக்குறோம், சரி, அதுக்கப்புறம்?

சேலத்துல பிள்ளைங்களுக்கு குர்ஆன் ஓதிக் கொடுக்குற ஓதப்பள்ளி உஸ்தாதா எனக்கு இது 16வது வருஷம். ஸ்கூல் விட்டு வந்து பைய வீட்ல போட்டுட்டு, தொப்பிய கையில புடிச்சுட்டே ஓடி வர்ற பிள்ளைங்க சாயங்காலம் அசர் தொழுகைல இருந்து மஃரிப் தொழுகை வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும். இத்தன வருஷத்துல பெத்தவங்க எங்கிட்ட கேட்டது முக்காவாசி ஒரே கேள்வி, "ஹஜ்ரத், பையன் எந்த ஜுஸ்உல இருக்கான், எப்ப முடிப்பான்?" ஜுஸ்உன்னா குர்ஆனோட முப்பது பாகத்துல ஒண்ணு. தப்புன்னு சொல்லல, பிள்ளை குர்ஆன முடிக்கணும்னு ஆசைப்படுறது நல்ல ஆசைதான். ஆனா பொய் சொல்றது குறைஞ்சிருக்கான்னு எங்கிட்ட கேட்டவங்க ரெண்டு மூணு பேர்தான், அதுல ஒருத்தங்க ஒரு பையனோட நன்னி (பாட்டி).

ஒரு நாள் ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன் குர்ஆன்ல முதஃப்பிஃபீன்ங்குற சூராவ (அத்தியாயத்த) ஓதுனான். 36 ஆயத்து (வசனம்), ஒரு இடத்துல கூட தட்டல, மக்ரஜ் (எழுத்து உச்சரிப்பு) அவ்வளவு சுத்தம். மாஷா அல்லாஹ்னு சொல்லிட்டு கேட்டேன், இதுல அல்லாஹ் யாருக்குக் கேடுன்னு சொல்றான் தெரியுமாப்பா? கொஞ்சம் யோசிச்சான். "ஃபிர்அவ்னுக்கா ஹஜ்ரத்?" மூஸா நபிய எதுத்த கொடுங்கோல் ராஜாதான் ஃபிர்அவ்ன்.

அவங்க வீடு செவ்வாய்ப்பேட்டை பக்கம், அத்தாவுக்கு (அப்பாவுக்கு) கொலுசுப் பட்டறை. ஃபிர்அவ்ன் இல்லப்பா, தராசுல குறைக்கிறவங்களுக்குன்னு சொன்னேன். ஆள்கிட்ட வாங்கும்போது நிறைச்சு வாங்கிக்குவாங்க, அவங்களுக்கு நிறுத்துக் கொடுக்கும்போது குறைச்சுடுவாங்க, முதல் மூணு ஆயத்து அதான். பையன் ஒண்ணும் பேசல, போயிட்டான். போனவன் நேரா பட்டறைக்குப் போயி, ஆளுங்க நாலு பேரு இருக்கும்போது "அத்தா நம்ம தராசு சரியா இருக்கா"ன்னு கேட்டுட்டான்.

மறுநாள் அத்தா வந்துட்டாரு, நல்ல கோவம். ஓத அனுப்புனா கேள்வி கேக்க கத்துத் தர்றீங்களான்னாரு. நான் எதுத்துப் பேசல, உக்கார வச்சு தண்ணி கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஆரம்பிச்சாரு, "வாங்கும்போது ஒரு டச்சு (வெள்ளியோட தரம்), விக்கும்போது ஒரு டச்சு சொல்ற ஆளுங்க இந்த லைன்ல இருக்காங்க ஹஜ்ரத், சேதாரத்துல ஏத்துறவங்களும் இருக்காங்க, நான் அப்படி இல்ல, ஆனா அவன் கேட்டதும் எனக்கு ஏன் அவ்வளவு கோவம் வந்துச்சுன்னுதான் தெரியல." அதுக்கு மேல ரெண்டு பேரும் எதுவும் பேசல, பாங்கு சொல்லிட்டாங்க, தொழப் போயிட்டோம்.

அந்தப் பையன் அந்த சூராவ அதுக்கு முன்னாடி எத்தன தடவ ஓதியிருப்பான்னு நினைச்சா எனக்கே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா சொல்லிக் கொடுத்தது நாந்தான். நபியோட தோழர்களான ஸஹாபாக்கள் பத்து ஆயத்து கத்துக்கிட்டா அதோட அர்த்தத்தையும் அமலையும் (அதுபடி நடக்குறதையும்) கத்துக்காம அடுத்த பத்துக்குப் போக மாட்டாங்கன்னு இப்னு மஸ்ஊத் ரலியல்லாஹு அன்ஹு வழியா வர்ற செய்திய நாங்க எல்லாருமே மதரஸால படிச்சவங்கதான், படிச்சுட்டு வந்து பிள்ளைங்கள வேகமா ஓட்டுறோம். தஜ்வீத், அதாவது சரியா உச்சரிச்சு ஓதுற முறை, வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல, அது குர்ஆனோட உரிமை. அர்த்தத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் கொடுங்கன்னுதான் கேக்குறேன்.

இன்னொரு விஷயம், பிரம்பு. இத எழுத எனக்கு கூச்சமாத்தான் இருக்கு, ஆனா எழுதணும். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம் ஒரு பையன ஒரே ஆயத்துக்காக மூணு தடவ அடிச்சிருக்கேன். பத்து நாள் வரல அவன். திரும்பி வந்தப்ப புதுசா ஒண்ணு கத்துக்கிட்டு வந்தான், பாடம் பாத்தியான்னு கேட்டா பாக்காமயே பாத்தேன்னு சொல்றது. வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 1377ல எழுதுன முகத்திமாங்குற புத்தகத்துல இதையேதான் சொல்றாரு, மாணவங்ககிட்ட கடுமை காட்டுனா அவங்க சோம்பேறியாவாங்க, அடிக்குப் பயந்து உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு பொய்க்குப் பழகிடுவாங்கன்னு. என் கிளாஸ்ல உக்காந்து பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு. "பத்து வயசுல அடிக்கச் சொல்லி ஹதீஸ் (நபிமொழி) இருக்கே"ன்னு சில அத்தாமாரே எங்கிட்ட சொல்றாங்க. அது தொழுகையப் பத்தி வர்றது, அதுவும் ஏழு வயசுல இருந்து மூணு வருஷம் சொல்லிப் பழக்குன பிறகு, அதுலயும் காயப்படுத்தக் கூடாதுன்னு மார்க்க அறிஞர்களான உலமாக்கள் வரம்பு போட்டிருக்காங்க. ஓதுறதுல தடுமாறுற பிள்ளைக்கு அதுல ஒண்ணும் இல்ல. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்ககிட்ட பத்து வருஷம் வேலை செஞ்ச அனஸ் ரலி, ஒரு தடவ கூட என்னை ச்சீன்னு சொன்னதில்லன்னு சொல்றாங்க. உங்க பிள்ளைய எங்கயாவது அடிச்சுக் காயப்படுத்துனா சும்மா இருக்காதீங்க, குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணலாம், பள்ளிவாசலா இருந்தாலும் சரி.

ஞாயித்துக்கிழமை காலைல ஓதிக் கொடுக்க ஏற்காட்டுக்குப் போவேன், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கணும், அங்க இருக்குறதே கொஞ்சம் பிள்ளைங்கதான். அதுல ஒருத்தன் திக்கித் திக்கித்தான் பேசுவான், மத்த பிள்ளைங்க சிரிக்கும், அவன் ஓதவே வாயத் திறக்க மாட்டான். ஒரு நாள் எல்லாரையும் உக்கார வச்சு புகாரி, முஸ்லிம்ங்குற ஹதீஸ் தொகுப்புகள்ல வர்ற ஹதீஸ சொன்னேன், குர்ஆன சிரமப்பட்டு திக்கி ஓதுறவருக்கு ரெண்டு கூலின்னு. ஒரு வாலு உடனே "அப்ப எனக்கு ஒண்ணுதானா"ன்னு கேட்டான். அன்னைக்கு அந்த திக்குற பையன் இஃக்லாஸ் சூரா ஓதி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு, நாலே ஆயத்துதான், "லம் யலித்"ல அப்படியே நின்னுட்டான், ஒருத்தரும் சிரிக்கல, பக்கத்துல இருந்தவன் அவன் முட்டிய லேசா தட்டிக்கிட்டே இருந்தான்.

இந்த வாரம் சேலத்துல மாஊன் சூரா ஆரம்பிச்சிருக்கோம். ஏழு ஆயத்து. தொழுகைல கவனமில்லாம, அடுத்தவங்க பாக்கத் தொழுதுட்டு, அற்பப் பொருளக் கூட கொடுக்காம தடுக்குறவங்களப் பத்தி வருது. அற்பப் பொருள்னா என்னன்னா சட்டி, வாளி, கோடாலின்னு தஃப்ஸீர்ல (குர்ஆன் விளக்கத்துல) சொல்றாங்க. உங்க தெருவுல என்னென்ன இரவல் கேப்பாங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டேன். ஏணி, இட்லி குண்டா, சைக்கிள் பம்புன்னு சொல்லிட்டே வந்துச்சுங்க. ஒரு பொண்ணு மட்டும் ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா சொல்லுச்சு, "முன்னாடி வீட்டு அக்கா இடியாப்ப ஒரல் கேட்டாங்க, அம்மா இல்லன்னு சொல்லச் சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன் ஹஜ்ரத், ஆனா இருந்துச்சு." அந்த அக்கா வீட்ல இருந்து பொங்கலுக்குப் பொங்கல் வரும், இவங்க வீட்ல இருந்து நோன்புக் கஞ்சி போகும். நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு அந்த ஒரல எடுத்துட்டுப் போய் நானே கொடுக்கட்டுமா, அம்மா திட்டுவாங்களான்னு அதுவே கேட்டுச்சு, அம்மாகிட்ட கேட்டுட்டுக் கொடும்மான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.