நாற்பது சதவீத ஊனம் இல்லாவிட்டாலும் பாகுபாடு பாகுபாடுதான்

எங்கள் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ, இடது காலில் காலிப்பர். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனபோது அந்தப் பிரிவு ரெண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. தாளைக் கீழே கொண்டுவந்து கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "நேர்ல மேல வரணும்மா, ரூல்ஸ் அப்படி" என்று சொல்லிவிட்டார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து காலிப்பரைக் கழற்றினால், வார் உரசின இடத்தில் தோல் வழன்று கிடந்தது.

ரூல்ஸ் அப்படி இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் ஊனத்தின் வகைகள் 7, இதில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பாகுபாடு என்பதற்குச் சட்டம் தருகிற விளக்கம்தான். ஒருவரை விலக்கி வைப்பது மட்டும் பாகுபாடு இல்லை. அவருக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று பிரிவு 2-இலேயே இருக்கிறது. அதாவது தாளைக் கீழே கொண்டுவர மறுத்ததும் பாகுபாடு.

"உங்களுக்கு 40 சதவீத ஊனம் இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த 40 சதவீதம் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் தேவை. நியாயமான வசதி கேட்க அது வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற பாதிப்புள்ள ஒருவர் மத்திய குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஆள் கேட்டு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 40 சதவீதத்தைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று.

சட்டத்தில் ஒரு சந்தும் இருக்கிறது. பாகுபாடு கூடாது என்று சொல்கிற பிரிவு 3-இலேயே, நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அதற்குத் தகுந்த அளவில் செய்தது என்றால் அந்தத் தடை பொருந்தாது என்றும் இருக்கிறது. இதைச் சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு. அதற்குத்தான் 2017 மத்திய விதிகளில் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: புகார் வந்தால், அரசு நிறுவனமோ 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனமோ, ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் எந்த நோக்கத்துக்காக அப்படிச் செய்தோம் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். வசதி செய்து தருகிற செலவை உங்கள் தலையில் கட்டவும் கூடாது.

அதனால் வாய்ச்சண்டை வேண்டாம், எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், என்ன கேட்டீர்கள், யார் என்ன சொல்லி மறுத்தார். "தாளைக் கீழே கொண்டுவரக் கேட்டேன், மறுத்தார்கள், இது பிரிவு 3-இன்படி பாகுபாடு, எழுத்தில் பதில் தரவும்" என்று நாலு வரி போதும். அரசு அலுவலகம் என்றால் அங்கே வேலை பார்ப்பவர்களின் புகாரை விசாரிக்க ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், பதிவான ரெண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். பொதுமக்கள் நேராக அலுவலகத் தலைவருக்கே எழுதலாம். அங்கே நடக்கவில்லை என்றால் அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சம்மன் அனுப்ப, ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு.

ஆனால் கடைசியில் அவர் தருவது பரிந்துரைதான். நிறுவனம் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்லிவிடலாம். முதல் தடவை சட்டத்தை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு இதெல்லாம் ஒரு தொகையா? சட்டத்தை வலுப்படுத்துவது என்றால் இந்த இடத்தில்தான் கை வைக்க வேண்டும், ஆணையர் சொல்வது கட்டாயமாக வேண்டும். கட்டடங்கள் விஷயத்தில் அந்த மாற்றம் தொடங்கிவிட்டது: வெறும் வழிகாட்டுதலாக இருந்த அணுகல் விதியை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது.

பலர் முன்னால் வேண்டுமென்றே கேவலப்படுத்துவது வேறு கணக்கு. பிரிவு 92-இன்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அதற்குப் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

எங்கே மனு கொடுத்தாலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மாடிக்கு வரச் சொன்னால், அதையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.