'சாஷ்' என்பது கண்ணாடிச் சட்டம்

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கென எழுதப்படும் பராமரிப்புக் குறிப்புகளிலும், வீடு வாங்குவோருக்கான ஆய்வறிக்கைகளின் தமிழாக்கங்களிலும், கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் ஓடித் திறக்கும் 'சாஷ் விண்டோ' என்பதைக் 'கச்சைச் சன்னல்' என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அகராதியில் 'சாஷ்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட 'இடைக்கச்சை' என்ற பொருளை எடுத்து ஒட்டியதால் விளைந்த பிழை இது. இதைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் திருத்தி எழுதும்போது 'சறுக்குச் சன்னல்' என்று எழுதுகிறார்கள். முதலாவது கண்டவுடன் தெரியும் பிழை. இரண்டாவது சரியெனத் தோன்றும் பிழை என்பதால், வீட்டுக்காரரின் பணத்துக்கும் நல்ல மரத்துக்கும் அதுவே பெரிய கேடு.

சொல்லின் பிறப்பு நீளமானதன்று. பிரெஞ்சில் 'ஷாஸி' என்றால் சட்டகம். பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா' என்ற இலத்தீன் சொல் அதன் மூலம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல்லை வாங்கிய ஆங்கிலேயர்கள், அதன் ஈற்றொலியைக் கேட்டு அது பன்மை என்று எண்ணி, ஒருமையாகச் 'சாஷ்' என்பதை ஆக்கிக்கொண்டார்கள். இடையிலோ தோளிலோ அணியும் 'சாஷ்' என்பது மெல்லிய துணியைக் குறிக்கும் 'ஷாஷ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வேறு வழியாக வந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்றாகிவிட்டது என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. கண்ணாடியைத் தாங்கும் சட்டகத்துக்கு உண்மையான உடன்பிறப்பு மோட்டார் வண்டியின் 'சேஸிஸ்'. அதை நாம் 'அடிச்சட்டகம்' என்று எப்போதோ சரியாகச் சொல்லிவிட்டோம்.

இனி பொருளுக்கு வருவோம். பழைய வீடுகளில் உள்ள மரபான வகையில், சுவரோடு பொருந்திய மரப்பெட்டி போன்ற நிலை ஒன்று உண்டு. அதற்குள் கண்ணாடி பதித்த இரண்டு சட்டங்கள், ஒன்று வெளிப்பக்கம் மேலேயும் மற்றொன்று உட்பக்கம் கீழேயுமாக, தத்தம் தடத்தில் மேலும் கீழும் ஓடும். ஒவ்வொரு சட்டத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரு பருத்திக் கயிறு புறப்பட்டு, நிலையின் தலைப்பகுதியிலுள்ள கப்பியின் மேலேறி, நிலையின் பக்கப்பெட்டிக்குள் இறங்கி, அங்கே தொங்கும் இரும்புக் குண்டில் முடியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் துலாவின் பின்முனையில் கட்டிய கனம் வாளியின் பாரத்தை ஏற்றுக்கொள்வதைப் போல, இந்தக் குண்டுகள் சட்டத்தின் பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் ஆளுயரக் கண்ணாடிச் சட்டத்தையும் ஒரு சிறுவன் விரல்களால் உயர்த்த முடிகிறது. விட்ட இடத்தில் அது நிற்கவும் செய்கிறது. மேற்சட்டத்தின் குண்டுகளைச் சட்டத்தைவிடச் சற்றே கனமாகவும், கீழ்ச்சட்டத்தின் குண்டுகளைச் சற்றே இலேசாகவும் வைப்பது தச்சர் வழக்கம். அப்போதுதான் மூடிய சன்னலில் மேலது மேலேயும் கீழது கீழேயும் தானாகவே அழுந்தி நிற்கும்.

இந்த எதிரெடை அமைப்பு இங்கிலாந்தில் 1670ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியது. தேம்சு நதிக்கரையிலுள்ள ஹாம் ஹவுஸ் மாளிகை அதன் தொடக்ககால இடங்களுள் ஒன்று. தீ பரவலுக்கு அஞ்சி, 1709ஆம் ஆண்டில் இலண்டனில் நடைமுறைக்கு வந்த கட்டடச் சட்டம் மரநிலையைச் சுவரின் முகப்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் பக்கப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. விக்டோரியா காலத்தில் பெரிய கண்ணாடித் தகடுகள் மலிவாகி, கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்கும் குறுக்குக் கம்பைகள் குறைந்தன. கண்ணாடியின் கனம் முழுவதும் மூலைப் பொருத்துகளில் இறங்கியதால், மேற்சட்டத்தின் பக்கக்கட்டைகளைக் கீழே சிறிது நீட்டி வளைத்துச் செதுக்கினார்கள். அந்த நீட்சிக்குத்தான் 'கொம்பு' என்று பெயர். கிழக்கு இலண்டனிலும் தூட்டிங்கிலும் தமிழர்கள் வாங்கிக் குடியேறிய வரிசை வீடுகள் பலவற்றில் இந்தக் கொம்புகளை இன்றும் தெருவிலிருந்தே காணலாம்.

இப்போது 'சறுக்குச் சன்னல்' என்பதை எடுத்துக்கொள்வோம். அதை ஆதரிப்போர், சட்டங்கள் தடத்தில் ஓடுகின்றன, எனவே சறுக்குகின்றன, எனவே பெயர் பொருந்துகிறது என்கிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ கண்ணாடிக் கடைக்குப் போய்ச் 'சறுக்குச் சன்னல்' என்றால் எதைக் காட்டுவார்கள் என்று இவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அடுக்குமாடி வீடுகளில் இடமும் வலமுமாக உருளையில் ஓடும் அலுமினியச் சன்னலைத்தான் காட்டுவார்கள். அந்தச் சொல் அந்தப் பொருளுக்கு நன்றாகவே வேரூன்றிவிட்டது. அதே சொல்லை இலண்டன் வீட்டுக்குக் கொண்டுபோனால், படிப்பவர் மனத்தில் கப்பியும் கயிறும் குண்டும் எழவே மாட்டா. தடத்தைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும் என்ற எண்ணமே எழும்.

இங்கிலாந்திலேயே யார்க்ஷயர் பகுதியின் பழைய வீடுகளில் பக்கவாட்டில் தள்ளும் மரச்சட்டச் சன்னல் ஒரு தனி வகையாக உண்டு. அதில் குண்டும் இல்லை, கயிறும் இல்லை. 'சறுக்குச் சன்னல்' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் வேறுபாட்டைச் சொல்லவே வழியிராது. மேலும், கீலில் திறக்கும் சன்னலின் அசையும் பகுதியையும் ஆங்கிலத் தச்சர்கள் 'சாஷ்' என்றே அழைப்பதுண்டு. அது எங்கும் சறுக்குவதில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்குள் சறுக்கல் என்ற கருத்தே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது தமிழ்ச் சொல்லின் பொருள். நம் மொழியில் சறுக்குதல் என்பது பிடி தவறுவது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். சிலர் இலக்கியச் சுவை கருதி முன்வைக்கும் 'நழுவு சாளரம்' என்பதிலும் இதே குறைதான், நழுவுவதும் பிடி விடுவதே. ஆனால் இந்தச் சன்னலின் தொழில்நுட்பம் முழுவதும் சட்டம் சறுக்காமல், நழுவாமல், விட்ட இடத்தில் நிற்பதற்காக அமைந்தது. கயிறு அறுந்தால்தான் அது சறுக்கும்; அப்போது கனத்த கண்ணாடிச் சட்டம் விரல்மேல் வந்து விழும். பழுதடைந்த நிலையைக் குறிக்கும் சொல்லை, நன்றாக இயங்கும் பொருளுக்குப் பெயராக வைப்பது எப்படிப் பொருந்தும்?

ஒரு கலைச்சொல் சரியானதா என்று அறிய, அதை வைத்து வேலையின் செய்முறையை எழுதிப் பார்க்க வேண்டும். கயிறு மாற்றும் வேலையை எழுதிப் பார்ப்போம். முதலில் நிலையின் அறைப்பக்கத்துப் பீடிங்கை, அதாவது சட்டத்தைத் தடத்தில் பிடித்து வைக்கும் மரப்பட்டையை, நெம்பி எடுத்து, கீழ்ச்சட்டத்தை அறைக்குள் இறக்க வேண்டும். பிறகு இரு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பீடிங்கை எடுத்து, மேற்சட்டத்தையும் இறக்க வேண்டும். நிலையின் பக்கப்பலகையில், கீழ்ப்பகுதியில், சாயத்துக்கு அடியில் மறைந்துபோன ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் குண்டு கைக்கு எட்டும். மெல்லிய நூலின் முனையில் சிறு ஈயத்துண்டைக் கட்டிக் கப்பியின் மேல் விட்டால், அது பெட்டிக்குள் இறங்கி மூடியின் வாய்க்கு வரும்; அந்த நூலோடு புதுக் கயிற்றைக் கட்டி இழுத்துக் குண்டில் முடிந்து, மறுமுனையைச் சட்டத்தின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஆணியடித்துப் பொருத்த வேண்டும். இந்தச் செய்முறையில் 'சட்டம்' என்றும் 'நிலை' என்றும் இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் ஒரு வாக்கியமும் நகராது. 'சறுக்குச் சன்னலை இறக்கு' என்று எழுதினால், எதை இறக்குவது?

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்வதிலும் இதே வேறுபாடுதான் அச்சாணி. இத்தகைய சன்னலில் முதலில் கெடுவது மழைநீர் தங்கும் கீழ்ச்சட்டத்தின் அடிக்கட்டையும், நிலையின் அடிப்பலகையும்தான். மெதுவாக வளர்ந்த பழைய ஊசியிலை மரத்தால் ஆன மற்ற பகுதிகள் ஒரு நூற்றாண்டு கடந்தும் உறுதியாக இருப்பதுண்டு. உளுத்த பகுதியை மட்டும் உளியால் அகற்றிப் புதுமரத்தை ஒட்டுப்போடலாம். சட்டம் மீட்க முடியாதபடி போயிருந்தால், நிலையை அப்படியே வைத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து மாட்டலாம். குளிர்காற்று புகுவதுதான் குறை என்றால், சட்டத்தின் விளிம்புகளில் தூரிகை போன்ற பட்டையைப் பதித்தாலே பெருமளவு தீரும். இரட்டைக் கண்ணாடி வேண்டும் என்றால்கூட, புதுச்சட்டத்தில் அதைப் பொருத்தி, கூடிய கனத்துக்கேற்பக் குண்டுகளைக் கூட்டிப் பழைய நிலையிலேயே தொங்கவிடுவது பல வீடுகளில் முடிகிற காரியம். ஆனால் 'சட்டத்தை மாற்றவும்' என்றிருந்த ஆய்வாளரின் குறிப்பு, 'சறுக்குச் சன்னல்களை மாற்றவும்' என்று தமிழில் போனால், வீட்டுக்காரர் சுவரோடு எல்லாவற்றையும் பெயர்த்துப் பிளாஸ்டிக் சன்னல் வைக்க விலை கேட்பார். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலுள்ள வீடாக இருந்தால், அனுமதியின்றி அப்படிச் செய்வது குற்றமும் ஆகும். இருந்தபடியே செய்யும் பழுதுக்கோ பெரும்பாலும் அனுமதி தேவைப்படுவதில்லை.

தூய்மை பேசுவோருக்கும் ஒரு சொல். 'சன்னல்' போர்த்துகீசிய மொழியின் 'ஜனேலா'விலிருந்து வந்தது, ஆகவே 'காலதர்' என்றே எழுத வேண்டும் என்கிறார்கள். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் மானின் கண் போன்ற காலதர்கள் உள்ள மாளிகைகள் வருகின்றன. அழகான சொல், நான் விரும்பும் சொல். ஆனால் அது காற்று வரும் துளையின் பெயர். கண்ணாடி அடைத்துக் காற்றைத் தடுத்து ஒளியை மட்டும் விடும் பொருளுக்கு அதை ஏற்றினால் சொல்லின் உள்பொருளே கெடும். பல கண்களுடைய 'பலகணி'யும் அத்தகையதே. தமிழகத்தில் சன்னல், ஈழத்தில் யன்னல் என நம் நாவில் பல தலைமுறையாகப் பழகிய சொல்லே இதற்குப் போதும்.

உறுப்பின் பெயரில்தான் கவனம் வேண்டும். தமிழ்த் தச்சர் வழக்கில் அசையும் பகுதி 'கதவு'. அதையே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் 'கண்ணாடிக் கதவு' என்று எழுதினால் தோட்டத்துக்குத் திறக்கும் வாசற்கதவையே எவரும் நினைப்பார். ஆகவே 'சாஷ்' என்பதற்குக் 'கண்ணாடிச் சட்டம்' என்பதே பொருத்தம்: மூலச் சொல்லின் பொருளும் அதுவே, மரவேலைச் சொல்லும் அதுவே. பேச்சில் சுவரோடு பொருந்திய பகுதியையும் 'சன்னல் சட்டம்' என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், இவ்வகை எழுத்தில் அதற்கு 'நிலை' என்பதை மட்டுமே ஆள வேண்டும். அதுவும் தச்சர் சொல்தான். முழுச் சன்னலுக்கு 'ஏறிறங்கு சன்னல்' என்று பெயரிடுகிறேன். திசையையும் சொல்கிறது, பக்கவாட்டில் ஓடுவதிலிருந்து பிரித்தும் காட்டுகிறது. கயிற்றை 'எடைக்கயிறு' என்றும், குண்டை 'எதிரெடைக் குண்டு' என்றும் சொன்னால் விளக்கமே வேண்டியதில்லை. கீலில் திறப்பதற்குக் 'கீல் சன்னல்' போதும்.

இன்றைய மொழிபெயர்ப்பாளர்களில் பலர் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள் என்பதே என் ஆற்றாமை. கணினி தந்ததை அப்படியே ஒட்டுவோரும், அகராதியின் முதல் வரியோடு நிறுத்துவோரும் ஒரு தச்சரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால், கச்சையும் வந்திராது, சறுக்கலும் வந்திராது. பொருளின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும்.

அடுத்த முறை 'தேய்ந்த சாஷ்களைப் பழுதுபார்க்கவும் அல்லது மாற்றவும்' என்ற பொருளுடைய ஆங்கில வரி கைக்கு வரும்போது, அதை இப்படி எழுதலாம்: 'ஏறிறங்கு சன்னலின் தேய்ந்த கண்ணாடிச் சட்டங்களைப் பழுதுபார்க்கவும், பழுதுபார்க்க முடியாதவற்றை மட்டும் மாற்றவும், நிலை உறுதியாக இருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம்.' கடைசி வாக்கியம் மூலத்தில் இராது. தமிழ் வாசகருக்காக நான் அதைச் சேர்த்தே எழுதுவேன்.