மூன்று வயதுப் பிள்ளைக்கு இலவசப் படிப்பு: எங்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள்

நெல்லை மாவட்டத்தில் அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாதிரி ஊர்களில் மூன்று வயதுப் பிள்ளையைக் காசில்லாமல் சேர்க்க மூன்று வழிதான். பால்வாடி (பலகையில் அங்கன்வாடி என்று இருக்கும்), அரசுப் பள்ளி எல்.கே.ஜி., கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம்.

பால்வாடிக்கு வருமான வரம்பு கிடையாது, சாதிச் சான்று வேண்டாம். ஆனாலும் "பிள்ளைக்கு ஆதார் எடுத்துட்டு வாங்க" என்பார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு அக்கா, தட்டை ஓரமாக வைத்துவிட்டு நாலு நாள் ஆதார் மையத்துக்கு அலைந்தார். நாலு நாள் கூலி போச்சு. தாயின் ஆதாரே போதும், இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அங்கே பாடம் நடக்கிறதா என்று காலை பதினொரு மணிக்கு நீங்களே போய்ப் பாருங்கள். பாட்டும் விளையாட்டும் நடந்தால் சேர்க்கலாம். அந்த நேரத்திலும் டீச்சர் பிள்ளைகள் விவரத்தைப் போனில் பதிவேற்றிக்கொண்டே இருந்தால் யோசியுங்கள். (பாவம், அது அவர் தப்பு மட்டும் இல்லை.) வாரம் மூன்று நாள் முட்டை உண்டு, அதையும் கேளுங்கள். 2019-ல் நெல்லை கலெக்டராக இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடியில்தான் சேர்த்தார்.

அரசு எல்.கே.ஜி. எல்லாப் பள்ளியிலும் இல்லை. 2019-ல் 2,381 இடங்களில் தொடங்கினார்கள், பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் போய்க் கேட்டு அலையாதீர்கள்.

இலவச இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜூலை 31-ல் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், நான்கைத் தாண்டியிருக்கக் கூடாது. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அதுதான் நுழைவு வகுப்பு, அதனால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அங்கே கதவு மூடிவிடும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார் பிரிவில் விண்ணப்பித்தால் சாதிச் சான்று போதும். இரண்டு லட்சத்துக்குக் கீழ் என்ற வருமானச் சான்று பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் போடுகிறவர்களுக்குத்தான், ஆனால் இ-சேவை மையத்தில் இரண்டையும் குழப்பி ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

இன்னொன்று நம்ம மாவட்டத்துக்கே உரியது. இங்கே பேர்பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மையினர் நடத்துபவை, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அவற்றுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். இடம் கிடைத்த பிறகும் சீருடை, வேன் என்று கேட்பார்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும். 2025-ல் மத்திய அரசுப் பணம் வராத தகராறில் அக்டோபர் வரை இழுத்தது, அதற்குள் பள்ளி திறந்து நாலு மாதம் ஓடிவிட்டது.

வாயால் "இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு. நகல் ஒன்றும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும், அடுத்த தடவை போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.