கைது என்ற சொல்லில் ‘கை’ இல்லை

இரவு பத்தரைக்கு ஓர் அம்மா போன் செய்தார். “காலைல எட்டு மணிக்குப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க வக்கீல் சார். கைது இல்லையாம், விசாரணைதானாம்.” பார்க்க விட்டார்களா என்று கேட்டேன். விடவில்லை. “வீட்டுக்குப் போறேன்னு அவன் எழுந்தா விடுவாங்களா?” அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

குற்ற வழக்குகளுக்காக என்னிடம் வரும் குடும்பங்கள் பலவும் கைது என்றால் கையைப் பிடிப்பது, விலங்கு மாட்டுவது என்றே நினைக்கின்றன. சொல்லின் ஓசை அப்படி. ஆனால் இது நம் ‘கை’ அல்ல. அரபியில் ‘கைத்’ என்றால் தளை. பாரசீகமும் உருதும் கடந்து இங்கே வந்தது. தளையில் இருப்பவர் கைதி. பாரசீகம் அலுவல் மொழியாக இருந்த காலத்தின் மிச்சமாக வக்கீல், ஜாமீன், ஜப்தி என்று இதன் உறவுக்காரச் சொற்கள் இன்றும் கோர்ட் வளாகத்தில் நடமாடுகின்றன.

தமிழின் சொந்தச் சொல் சிறை. ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல’ என்கிறது தொல்காப்பியம். பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் கல்லணை அங்கே சிறை. போக வேண்டியதைப் போகவிடாமல் நிறுத்துவதுதான் விஷயம். அணை தண்ணீரின் கையைப் பிடிப்பதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லாலோ செயலாலோ பணிந்துவிட்டால் அவரைத் தொடாமலே கைது நிகழ்ந்துவிடும். சுங்கத்துறை தொடர்பான வழக்கு ஒன்றில் 1990-இல் மும்பை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: சுதந்திரம் தடுக்கப்பட்ட நொடியிலேயே கைது தொடங்கிவிடுகிறது, அதிகாரி எந்த நேரத்தை எழுதுகிறார் என்பது பொருட்டல்ல.

இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் 24 மணி நேரம். அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக, அதற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ‘விசாரணைதான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை போலீஸ் கணக்கில் அந்தக் கடிகாரம் ஓடாது. காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமைகளும் தள்ளிப்போகும். அடி விழுவது பெரும்பாலும் கணக்கில் வராத அந்த மணிகளில்தான். என் பயமெல்லாம் அதைப் பற்றியே.

முறைப்படி என்றால் அந்தச் சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தருவார்கள். போய்ப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பலாம். நோட்டீஸ் இல்லாமல் அழைத்துப்போனால், எத்தனை மணிக்கு, யார், எந்த வண்டியில் என்று உடனே குறித்து வையுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ காவல் ஆணையருக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பெல்லாம் நாங்கள் தந்தி கொடுப்போம். அதில் விழும் நேர முத்திரைதான் எங்கள் சாட்சி. 2013-இல் தந்தி நின்றுபோனது, அந்த வேலையை இன்று மின்னஞ்சல் செய்கிறது. காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் எழுதிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100, இலவச சட்ட உதவி.

அந்த அம்மா இரவு 10.52-க்கு மின்னஞ்சல் அனுப்பினார். பையனைக் காவலில் வைக்கக் கேட்டுப் போலீஸ் தந்த ரிமாண்ட் அறிக்கையில் கைது நேரம் மறுநாள் காலை 5.30 என்று இருந்தது. நடுவரிடம் நான் முதலில் நீட்டியது அந்த மின்னஞ்சலைத்தான்.