வழக்குக் கட்டு எந்த அறைக்குப் போகும்?

மதுரைப் பக்கம் ஒரு கோர்ட் வராந்தா. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு ஒரு பாட்டி உள்ளே போனார். இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். "ஜட்ஜு மாறிப் போயிட்டாராம்ப்பா. இப்ப இன்சார்ஜாம். அடுத்த மாசம் வாய்தா" என்றார். முதல் பஸ் பிடித்து வந்தவர்.

இன்சார்ஜ் என்றால், மாறிப்போனவரின் கோர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு கோர்ட் நீதிபதி. அவருக்குத் தன் கோர்ட் வேலையே தலைக்கு மேல் இருக்கும். அதனால் அவசரமானதை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தள்ளிவைப்பார். கீழ்க் கோர்ட்டுகளில் இப்படி யார் யாருக்குப் பொறுப்பு என்று ஏற்பாடு செய்பவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அவர் தீர்ப்பு எழுதுவது நமக்குத் தெரியும். நிர்வாகம் செய்வது அவ்வளவாகத் தெரியாது.

மேலூரில் ஒரு கொலை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட்டிடம் போகும். கொலையை விசாரிக்க அவருக்கு அதிகாரமில்லை. எதிரிகளுக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, நகல் கொடுத்துவிட்டு, செஷன்ஸ் (அமர்வு) கோர்ட்டுக்கு 'கமிட்' செய்வார், அதாவது அனுப்பிவைப்பார். வழக்கின் காகிதக் கட்டு முதன்மை அமர்வு நீதிபதியிடம் வந்து எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) நம்பர் விழும். முதன்மை மாவட்ட நீதிபதிக்கே கிரிமினல் வழக்கில் இந்தப் பெயர். தானே விசாரிப்பதா, கூடுதல் அமர்வு நீதிபதிக்கு அனுப்புவதா என்பது அவர் முடிவு. இவரோ உயர் நீதிமன்றமோ ஒப்படைக்காமல் கூடுதல் நீதிபதி எந்த வழக்கையும் தொட முடியாது. சிவிலிலும் அப்படித்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி, யாரும் மனு போடாவிட்டாலும் தாமாகவே ஒரு வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றலாம்.

சரி, எந்த அறைக்குப் போனால் என்ன? வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்தது: நிற்பவர்களின் எண்ணிக்கை, வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம், எல்லாம் சராசரியில். ஒரு கோர்ட்டில் மாதம் 40 வழக்கு வந்து 40 முடிகிறது, 800 கட்டு கிடக்கிறது என்றால் காத்திருப்பு 20 மாதம். பக்கத்து அறையில் அதே வேகம், கட்டு 200 என்றால் 5 மாதம். புது வழக்கைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டே இருந்தால் இந்த வித்தியாசம் தீரவே தீராது. 300 கட்டை மாற்றிவிட்டால் இரண்டிலும் பன்னிரண்டரை மாதம். மொத்தச் சுமை குறையவில்லை, ஆனால் 20 மாதம் காய வேண்டியவருக்கு நியாயம் கிடைக்கிறது.

ஆனால் கட்டை எண்ணினால் மட்டும் போதாது. நாற்பது சாட்சி உள்ள கொலை வழக்கும் ஒரு செக் வழக்கும் ஒன்றா? எது பழையது, எதில் ஆள் சிறையில் இருக்கிறார் என்றெல்லாம் பார்த்துப் பிரிக்க வேண்டும். விசாரணைக் கைதிகளை மறுஆய்வு செய்யும் மாவட்டக் குழுவுக்கும் அவரே தலைவர்; கலெக்டரும் எஸ்.பி.யும் அதில் உறுப்பினர்கள். சிரஸ்தார், நாசர், அமீனா என்று கோர்ட் ஊழியர்களின் நிர்வாகம் வேறு.

இத்தனை இருந்தும், இப்படித் தீர்ப்பு எழுது என்று கீழ்நிலை சிவில் நீதிபதியான ஒரு முன்சீப்பிடம்கூட அவர் சொல்ல முடியாது. பிழை என்றால் மேல்முறையீடு போன்ற வழிகளில்தான் திருத்தலாம். அவருக்கும் மேலே, அரசியலமைப்பின் 235-ஆம் பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாடு உண்டு. அதன் மதுரைக் கிளை 2004-இல் வந்தது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவரும் அவர்தான். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "எந்தக் கட்டடம்ப்பா?" என்று எழுந்தார். கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தேன்.